பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்குத் துணை யார்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பல்கலைக்கழகக் கல்வி. "அது பட்டணத்துக்காரர்களின் விஷயம், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று எண்ணி வானொலியின் காதைத் திருகிவிட வேண்டாம். இந்த நாட்டின் முதல் பல்கலைக்கழகத்தில் நம்மவர் பிள்ளைகளுக்கு யார் யார் துணை நின்றார்கள் என்று வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அதில் பால்மரக் காடும் வருகிறது; பிரட்டுக்களமும் வருகிறது; சம்பள நாளில் முந்தானையில் முடிந்துவைத்த ஒரு வெள்ளியும் வருகிறது. ஆகவே இது உங்கள் கதைதான். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு பிள்ளையை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இடைநிலைப்பள்ளிக்கு நாள்தோறும் விடியுமுன் எழுந்து போய்வந்தவன். தேர்வில் நன்றாகத் தேறிவிட்டான். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வருகிறது. லயமே கூடி வாழ்த்துகிறது. கோயிலில் அர்ச்சனை நடக்கிறது. பெட்டியோடு பேருந்து ஏறிப் போகிறான். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. பேருந்து போனபிறகு நடப்பதுதான் நமக்குத் தெரியாத கதை.

அங்கே பெரிய மண்டபம். நூற்றுக்கணக்கானவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் தமிழ் முகம் ஒன்றிரண்டு. சில வகுப்புகளில் அதுவும் இல்லை. விரிவுரையாளர் வேகமாகப் பேசுகிறார். புத்தகம் ஒரு மொழியில், பேச்சு இன்னொரு மொழியில். மற்றப் பிள்ளைகளில் பலருக்கு அண்ணனோ அத்தையோ முன்பே படித்திருப்பார்கள். எந்தப் புத்தகத்தை வாங்குவது, எதை நூலகத்தில் எடுத்துப் படிப்பது, எந்தப் பாரத்தை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று அவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருப்பார்கள். நம் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு. கையில் கொண்டுபோன பணம் கரைகிறது. உபகாரச் சம்பளமோ கடனோ இன்னும் வந்து சேரவில்லை. வீட்டிலிருந்து, "எப்படியப்பா இருக்கிறாய்?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பட்டினியோடு படுத்துக்கொள்கிறான்.

தோட்டப் பள்ளி ஆசிரியன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இது. இடையில் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அறிவு போதாமல் திரும்பியவர்கள் அவர்களில் அரிது. கேட்க ஒரு மனிதர் இல்லாமல், சொல்ல ஒரு காது இல்லாமல் திரும்பியவர்களே மிகுதி. சிறு தொகையினராக உள்ள எந்தச் சமூகத்தின் பிள்ளைக்கும் பெரிய நிறுவனத்துக்குள் நுழையும்போது இந்த இடர் உண்டு. 1957-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரே இந்தியர். அவர்களிலும் தோட்டத்திலிருந்து உயர்கல்விக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். அந்தத் தனிமையை நம்மவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதே இன்றைய வரலாறு.

தொடக்கத்துக்குப் போவோம். சிங்கப்பூரில் 1905-இல் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1928-இல் ராஃபிள்ஸ் கல்லூரியில் வகுப்புகள் தொடங்கின. இவ்விரண்டு கல்லூரிகளையும் இணைத்து, 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் பிறந்தது.

இந்த வாசல்களில் நுழைய வேண்டுமானால் ஆங்கில இடைநிலைப்பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆங்கிலப் பள்ளிகளோ பட்டணங்களில் இருந்தன. சம்பளம் கட்டிப் படிக்க வேண்டியவை. அரசாங்க அலுவலகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், வணிகர் வீட்டுப் பிள்ளைகள் ஆகியோர் அங்கே படித்து மேலே போனார்கள். தோட்டத்துப் பிள்ளையின் நிலை வேறு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் அங்கே பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னது. பள்ளி வந்தது உண்மை. ஆனால் பல இடங்களில் அது ஓர் அறை, ஓர் ஆசிரியர், நாலைந்து வகுப்பு என்ற அளவோடு நின்றது. சில தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். அந்தப் பள்ளியை முடித்தவனுக்கு அடுத்த படி கிடையாது. பால்வாளியே அடுத்த படி. பல்கலைக்கழகம் என்ற சொல்கூட லயத்தின் காதில் விழாத காலம் அது.

அந்தக் காலத்தில்தான் வியப்பான ஒன்று நடந்தது. பல்கலைக்கழகத்துக்குள் நம் பிள்ளைகள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே, நம் தொழிலாளர்களின் பணம் அங்கே போய்ச் சேர்ந்தது. அது எப்படி என்று கேளுங்கள்.

1950களின் நடுவில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியலுக்கு ஒரு துறை அமைப்பது என்று முடிவாயிற்று. அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி எழுந்தது. வடமொழிக்கே முதன்மை தர வேண்டும் என்று சிலர் கருதினார்கள். இந்த நாட்டு இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஆகவே தமிழே அந்தத் துறையின் மொழியாக வேண்டும் என்று தமிழர்கள் வாதாடினார்கள். அந்த வாதத்தை ஊர்தோறும் கொண்டுபோனவர் கோ. சாரங்கபாணி. 1935-இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கியவர் அவர். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. தமிழ் அங்கே இடம்பெற்றது.

துறை வந்தால் போதுமா? படிக்க நூல்கள் வேண்டாமா? அதற்காகச் சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் ஒரு நிதியைத் தொடங்கினார். செல்வர் நால்வரைப் பார்த்துக் காரியத்தை முடித்துக்கொள்ளும் வழியை அவர் தேடவில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்று எல்லாத் தமிழரையும் பார்த்துக் கேட்டார். தொழிலாளர்கள் கொடுத்தார்கள். தங்கள் பெயரை எழுதத் தெரியாதவர்களும் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல் வாங்கக் காசு கொடுத்தார்கள்.

நேயர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அன்றைய நாள்கூலியில் ஒரு வெள்ளி என்பது அற்பத் தொகை அன்று. அரிசியும் மீனும் வாங்கும் பணம். கொடுத்தவரின் பிள்ளை அந்த நூலகத்தின் படியை மிதிப்பான் என்பதற்கு அன்று எந்த உறுதியும் இல்லை. "என் பிள்ளை போகாவிட்டாலும் நம் பிள்ளை ஒருவன் போவான்" என்ற எண்ணமே அந்த வெள்ளியை எடுக்க வைத்தது. பல ஆண்டுகள் கழித்துத் தோட்டத்திலிருந்து வந்த மாணவன் அந்நிய ஊரில், அந்நிய மொழிகளுக்கு நடுவில், நூலகத்து அலமாரியில் வரிசை வரிசையாகத் தமிழ் நூல்களைக் கண்டபோது, "உனக்கும் இங்கே இடம் உண்டு" என்று அவனுடைய ஊரார் முன்கூட்டியே சொல்லிவைத்ததாக அது இருந்திருக்கும்.

இதே 1950களில் 'தமிழ் முரசு' இன்னொரு வேலையும் செய்தது. 'மாணவர் மணிமன்றம்' என்று பிள்ளைகளுக்கெனப் பக்கங்கள் ஒதுக்கிற்று. பள்ளிப் பிள்ளைகள் கதையும் கட்டுரையும் எழுதி அனுப்பினார்கள். அச்சில் தங்கள் பெயரைப் பார்த்தார்கள். ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு எங்கோ இருக்கும் இன்னொரு தோட்டத்துப் பிள்ளையின் பெயர் தெரிந்தது. அந்தப் பக்கங்களிலிருந்தே இளைஞர் மணிமன்றங்கள் கிளைத்தன. எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அங்கிருந்து உருவானார்கள். தான் ஒருவன் தனியாக இல்லை என்ற உணர்வை உயர்கல்விக்கு முன்பே பிள்ளைக்கு ஊட்டிய இயக்கம் அது.

அடுத்து, தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பாதை திறந்த கதை. மலாயா விடுதலை அடைந்த காலத்தை ஒட்டி, 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1960-ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையும் வந்தன. தமிழ்ப் பள்ளிகள் நாட்டின் கல்வி முறைக்குள் வந்தன. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை ஓராண்டு புகுமுக வகுப்பில் மொழி பயின்று, பிறகு இடைநிலைப்பள்ளியில் சேரலாம் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. படி குறுகலானதுதான், ஏறும்போதே வழுக்கி விழுந்தவர்கள் பலர். ஆனாலும் படி என்று ஒன்று இருந்தது.

பல்கலைக்கழகமும் இடம் பெயர்ந்தது. சிங்கப்பூரில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று என இரு பிரிவுகளாக இயங்கி, 1962-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயர் கோலாலம்பூரில், பந்தாய்ப் பள்ளத்தாக்கில் நிலைத்தது. இந்திய ஆய்வியல் துறையும் அங்கே அமைந்தது. 1961-இல் அத்துறைக்குத் தலைமை ஏற்க வந்தவர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கிறித்துவத் துறவி. பல நாடுகளைச் சுற்றித் தமிழின் பெருமையை எடுத்துரைத்தவர். அவர் முயற்சியால் 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பல நாட்டு அறிஞர்கள் கூடித் தமிழைப் பற்றி ஆராய்ந்தார்கள். தோட்டத்துப் பள்ளியில் தகரக் கூரையின்கீழ் படித்த அதே மொழி, பல்கலைக்கழக மண்டபத்தில் உலகப் பேராசிரியர்களின் பேச்சுக்குப் பொருளாயிற்று. தன் வீட்டு மொழியைச் சொல்லக் கூசிய மாணவனுக்கு இதைவிடப் பெரிய தெம்பு வேறு என்ன வேண்டும்?

ஆனால் தமிழ் படிக்கும் மாணவர்கள் சிலரே. மருத்துவமும் பொறியியலும் கணக்கும் படிக்க வந்த பிள்ளைகளுக்கு யார் துணை? இங்கேதான் மாணவர்களே அமைத்துக்கொண்ட மன்றங்கள் முன்வருகின்றன. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை அவற்றில் பெயர் பெற்றது. 1969-இல் பினாங்கிலும், 1970-இல் கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகமாகவும், 1971-இல் செர்டாங்கில் விவசாயப் பல்கலைக்கழகமாகவும் புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றியபோது, அங்கங்கே நம் மாணவர்களும் கூடினார்கள்.

மன்றம் என்றால் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் கலை இரவும் மட்டுமே என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. அவற்றின் உண்மையான பயன் விழா முடிந்த பிறகே தெரியும். விழாவுக்குத் தோரணம் கட்டும்போது முதலாண்டு மாணவனுக்கு மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் பழக்கமாகிறார். மாணவிக்கு ஓர் அக்கா கிடைக்கிறார். "இந்தப் புத்தகத்தை வாங்காதே, என்னிடம் இருக்கிறது", "அந்த விரிவுரையாளரிடம் போய்க் கேள், நல்லவர்", "பணம் வரும்வரை எங்களோடு சாப்பிடு." இந்த மூன்று வாக்கியங்கள் ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றப் போதுமானவை. எந்த நிறுவனமும் சட்டம் போட்டு இவற்றைச் சொல்ல வைக்க முடியாது.

தமிழ்ப் பேரவை 1980களில் சிறுகதைப் போட்டியைத் தொடங்கி, பரிசுக் கதைகளைப் 'பேரவைக் கதைகள்' என்று நூலாகவும் வெளியிட்டு வந்தது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள எழுத்தாளர்களும் அதில் பங்குகொண்டார்கள். தோட்ட வாழ்க்கையும் அந்தக் கதைகளில் ஏறியது. படிக்கப் போன பிள்ளைகளுக்கும் அவர்கள் விட்டு வந்த ஊருக்கும் இடையே அது ஒரு பாலமாயிற்று.

அன்புத் துணை ஒரு பக்கம் இருக்கட்டும். பணத் துணைக்கு என்ன செய்தார்கள்? 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. கூலிக்காகவும் வேலைப் பாதுகாப்புக்காகவும் போராடிய சங்கம், தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்கும் உதவிற்று. 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலம் அது. துண்டாடப்பட்ட தோட்டங்களில் நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். மாதம் 10 வெள்ளியாகப் பத்து மாதம் கட்டினால் 100 வெள்ளிப் பங்கு என்ற முறையில், தொழிலாளர்களையே பங்குதாரர் ஆக்கித் தோட்டங்களை வாங்கியது அந்தச் சங்கம். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் தோட்டம். பின்னாளில் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கம் கல்வி உதவியும் வழங்கிற்று. பெற்றோர் சீவிய மரத்தின் வருமானமே பிள்ளையின் படிப்புக்கு உதவியாகத் திரும்பி வந்தது.

வரலாற்றில் மேடு மட்டுமா உண்டு? பள்ளமும் உண்டு. 1969-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நாட்டின் கொள்கைகள் மாறின. 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதே ஆண்டு அரசமைப்புச் சட்டத்தில் செய்த திருத்தம், உயர்கல்வி நிலையங்களில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் இடங்கள் ஒதுக்க வழிவகுத்தது. கம்பத்து ஏழைப் பிள்ளைகள் அதுவரை பல்கலைக்கழகத்தை எட்ட முடியாமல் இருந்தார்கள் என்பது உண்மை. அவர்களைக் கைதூக்கிவிட வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் லயத்துப் பிள்ளையும் ஏழைதானே? முன்னரே குறுகலாக இருந்த அவனுடைய வாசல் மேலும் குறுகியது. பயிற்றுமொழியும் படிப்படியாக ஆங்கிலத்திலிருந்து தேசிய மொழிக்கு மாறி, 1983-இல் பல்கலைக்கழக முதலாண்டு வகுப்புகளை எட்டிற்று. தமிழில் தொடங்கி, மலாயில் வளர்ந்து, ஆங்கில நூல்களில் முடிக்க வேண்டிய மூன்று மொழிச் சுமை தோட்டத்துப் பிள்ளையின் தலையில் ஏறியது.

அப்போது நம்மவர்களில் சிலர், குறைசொல்லி உட்கார்ந்திருப்பதோடு நிற்காமல், ஒரு கேள்வி கேட்டார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்று பிள்ளையைத் தேடுவதைவிட, பிள்ளை இருக்கும் இடத்துக்கே போனால் என்ன? 1979-இல் கல்வி, சமூகநல, ஆய்வு அறவாரியம் தோன்றியது. பட்டம் பெற்று வேலையில் அமர்ந்தவர்கள், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குத் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்தார்கள். 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜாவும் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார்கள். 1984-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் கல்விக்கென எம்.ஐ.இ.டி. என்ற அமைப்பை ஏற்படுத்திற்று. அதன் முயற்சியால் 2001-இல் கெடாவில் ஏம்ஸ்ட் என்ற பல்கலைக்கழகமே எழுந்தது.

இவற்றுள் ஸ்ரீ முருகன் நிலையத்தின் முறை நாம் கவனிக்கத்தக்கது. அங்கே வாரக் கடைசியில் பாடம் சொல்லித்தர வந்தவர்களில் பல்கலைக்கழக மாணவர்கள் ஏராளம். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு எதிரில் நிற்பவர், நாலைந்து ஆண்டுகளுக்கு முன்புதான் அதே தேர்வை எழுதியவர். அவனைப் போன்ற வீட்டிலிருந்தே வந்தவர். "இந்த அண்ணனால் முடிந்தது, என்னாலும் முடியும்" என்று பிள்ளை நினைக்கிறான். அவன் பிறகு பல்கலைக்கழகம் போகும்போது அங்கே ஏற்கெனவே தெரிந்த முகங்கள் இருக்கின்றன. பிறகு அவனே சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொரு பிள்ளைக்கு முன்னால் நிற்கிறான். உதவி பெற்றவன் உதவி செய்பவனாக மாறும் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய மாளிகை தேவைப்படவில்லை. ஒரு பள்ளி அறையோ கோயில் மண்டபமோ போதும்.

அதற்குப் பிந்திய மாற்றங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் உயர்கல்விக் கடன் நிதி ஏற்பட்டது; பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது வழி திறந்தது. ஆனால் கடன் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டியது என்பதை மறக்கலாகாது. 2002-இல் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தகுதி அடிப்படை அறிவிக்கப்பட்டது. 2012-இல் மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன. இதற்கிடையே ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. நம்மவர்கள் பெருந்தொகையாகத் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் பட்டணத்து ஓரங்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். லயம் இருந்தபோது ஒரு வீட்டுக் கவலை பத்து வீட்டுக்குத் தெரியும். இன்று அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறான் என்பதே தெரிவதில்லை. ஆகையால் துணையின் தேவை குறைந்துவிடவில்லை. தேடிப்போய் அமைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம். "நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு மட்டும் கூடினால், மற்ற இனத்தாரோடு எப்படிப் பழகுவார்கள்? இது ஒற்றுமைக்குக் கெடுதல் அல்லவா?" நியாயமான கேள்வி. இதற்குத் தோட்டத்திலேயே பதில் இருக்கிறது. ரப்பர்க் கன்றை நாம் எடுத்த எடுப்பில் காட்டில் நட்டுவிடுவதில்லை. முதலில் நாற்றுமேடையில் நிழல் கொடுத்து, நீர் ஊற்றி, வேர் பிடிக்க வைக்கிறோம். வேர் பிடித்த பிறகே மற்ற மரங்களோடு வரிசையில் நிற்க வெளியே எடுத்து நடுகிறோம். மாணவர் மன்றமும் அப்படியே. தன்னைப் போன்றவர்களின் நடுவே கொஞ்சம் தெம்பு பெற்ற பிள்ளைதான், மலாய் நண்பனோடும் சீன நண்பனோடும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து பேசுகிறான். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நாற்றுமேடையிலேயே கன்றை விட்டுவிட்டால் அது மரமாகாது. நான்காண்டும் தமிழ் நண்பர்களோடு மட்டுமே சுற்றி, வேறு மொழியில் வாய் திறக்காமல் திரும்பும் பிள்ளைக்கு மன்றம் நன்மை செய்ததாகச் சொல்ல முடியாது.

நேயர்களே, இந்த வரலாறு நமக்கு எதைக் காட்டுகிறது? பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பது ஒரு காரியம். அங்கே அவனை நிலைக்க வைப்பது இன்னொரு காரியம். முதலாவதற்கு மதிப்பெண்ணும் பணமும் போதும். இரண்டாவதற்கு மனிதர்கள் வேண்டும். நம் முன்னோர் அதை அறிந்திருந்தார்கள். நூலகத்துக்கு ஒரு வெள்ளி கொடுத்தவரும், 10 வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கியவரும், சனிக்கிழமை காலையில் பாடம் சொல்லப் போன மாணவரும் செய்தது ஒரே காரியம்தான். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும்.

அப்படியானால் இன்று, படிக்காத பெற்றோர் என்று உங்களையே குறைத்துச் சொல்லிக்கொள்ளும் நீங்கள், என்ன செய்ய முடியும்? நான்கு காரியங்களைச் சொல்கிறேன். எதற்கும் பட்டப்படிப்பு வேண்டியதில்லை.

முதலாவது, கடிதம் வந்த நாள் முதல் பிள்ளை புறப்படும் நாள் வரை உள்ள இடைவெளியை வீணாக்காதீர்கள். அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும், அல்லது படித்து முடித்த ஒருவரை உங்கள் வட்டாரத்தில் தேடுங்கள். பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். கோயில் தலைவரைக் கேளுங்கள். பிள்ளை போய் இறங்கும்போது அவனுக்குத் தெரிந்த ஒரு பெயராவது அங்கே இருக்க வேண்டும்.

இரண்டாவது, முதல் இரண்டு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். உபகாரச் சம்பளமும் கடனும் பெரும்பாலும் தாமதமாகவே கைக்கு வரும். வழியனுப்பு விருந்தைச் சிறிதாக்கி அந்தப் பணத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தால், அதுவே நல்ல வாழ்த்து.

மூன்றாவது, வாரம் ஒருமுறை பேசும்போது, "என்ன மார்க்கு?" என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். "யாரோடு சாப்பிட்டாய்? பாடம் புரியாவிட்டால் யாரிடம் கேட்கிறாய்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு உடனே ஒரு பெயர் வந்தால் உங்கள் பிள்ளை நலமாக இருக்கிறது. பதில் வராமல் தயங்கினால், அடுத்த பேருந்தில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊரில் ஒவ்வொரு காதுகுத்துக்கும் திருவிழாவுக்கும் அவனை வரச்சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். பெண்பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்ப அஞ்சும் பெற்றோருக்கும் இதையே சொல்வேன். அங்கே ஓர் அக்காவின் துணை இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, துணிந்து அனுப்புங்கள்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. உங்கள் பிள்ளை படித்துப் பட்டம் வாங்கி வந்ததும், மாதம் ஒரு சனிக்கிழமையைக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்துப் பள்ளியிலோ, தாமான் மண்டபத்திலோ, அடுத்து வரும் நாலு பிள்ளைகளோடு அவன் உட்கார்ந்து பேசட்டும். எந்தப் பாரம், எந்த அலுவலகம், எந்தப் புத்தகம் என்று சொல்லிக் கொடுக்கட்டும். அன்று தொழிலாளர்கள் கொடுத்த ஒரு வெள்ளிக்கு இன்று நாம் கட்டக்கூடிய வட்டி அந்தச் சனிக்கிழமைதான்.